ஊரில் புயல், நாம் வெளிநாட்டில்: செய்திகளைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

வீடும் வீட்டாரும் தமிழ்நாட்டில் இருக்க, சுற்றுலாவுக்கோ அலுவலக வேலைக்கோ வெளிநாடு போன இடத்தில் ‘ஊரில் புயல், வெள்ளம்’ என்று கேள்விப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் கியோட்டோவில் ஒரு விடுதி அறையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் சென்னையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். இரண்டு இரவு தூங்காமல் சேனல் சேனலாக மாற்றியும் எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா அனுப்பிய ஒரு வரிக் குறுஞ்செய்திதான் அதைச் சொன்னது.

அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது ஃபிராங்க்ஃபர்ட் போயிருந்த விழுப்புரத்து நண்பர் நான் செய்த தவறுகளையெல்லாம் அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார். முதலில் தொலைக்காட்சி, பிறகு வாட்ஸ்அப் குழு, பிறகு வீட்டுக்கு இருபது அழைப்பு, கடைசியாக வானிலை அறிக்கை. தலைகீழாகத் திருப்ப வேண்டிய வரிசை இது. கீழே உள்ளவற்றில் முதல் இரண்டு படிகள் கிளம்பும் முன்பே முடிய வேண்டியவை. ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்றால், இரண்டையும் இப்போதே, மின்சாரம் போவதற்குள், வீட்டாரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

1. கிளம்பும் முன்: ஒரு தாள், பத்து எண்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் பயணம் என்றால் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு தாளையும் எடுத்து வையுங்கள். அதில் வீட்டார் எண்களைவிட அண்டை வீட்டார் எண்களே முக்கியம். எதிர்வீடு, மாடிவீடு, குடியிருப்புச் சங்கச் செயலாளர், காவலாளி, தெருமுனை மளிகைக்கடை, அடுத்த தெருவில் ஒரு உறவினர். வீட்டில் எல்லாரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பார்கள். அந்தக் கோபுரம் படுத்தால் மொத்த வீடும் மௌனமாகிவிடும். வேறு நிறுவனத்தின் எண் வைத்திருக்கும் இரண்டு பேராவது தாளில் இருக்க வேண்டும்.

எல்லா எண்களையும் +91 சேர்த்து எழுதுங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் பதற்றத்தில் பூஜ்யத்தைப் போட்டுச் சுற்றிச் சுற்றி முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய தவறு, 1070, 1077, 1913 போன்ற குறுகிய உதவி எண்களை நம்பிப் போவது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, சென்னை மாநகராட்சி ஆகியவற்றின் அந்த எண்கள் உள்நாட்டுக்கானவை. வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. உங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் உள்ள முழு எண்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 பத்து இலக்கம் என்பதால் +91 சேர்த்து முயன்று பார்க்கலாம். அதற்கு மின் இணைப்பு எண் கேட்பார்கள். அதையும் தாளில் குறியுங்கள்.

இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். ஊரில் உள்ள யாருக்காவது பணம் அனுப்ப நேர்ந்தால் வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். போகிற நாட்டையும் பாருங்கள். சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் மூன்றும் நேரடியாகத் திறக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. சில இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து திறப்பதில்லை. எனவே நீங்கள் பார்க்க முடியாததை ஊரில் பார்த்து அனுப்ப, வெள்ளம் வராத ஊரில் இருக்கும் ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள். எனக்கு அந்த வேலையைச் செய்பவர் கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா. தாம்பரத்தில் இருந்துகொண்டே தாம்பரத்துக்கு உதவுவதாகச் சொல்பவரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவருக்கும் மின்சாரம் போகும்.

வீட்டில் ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்தால் போதாது. மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அலமாரியில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது.

2. உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும்?

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 3 இரவு முழுக்க நான் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழு உயரம் 24 அடி, இப்போது எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று. 2015 டிசம்பரில் அங்கிருந்து 29 ஆயிரம் கன அடி திறந்தது எல்லார் மனத்திலும் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது. சேனல்களும் அதையே காட்டின. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேற்பகுதியில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்குவது. அந்த ஏரிகளைப் பற்றி எந்தச் சேனலும் சொல்லவில்லை. நான் ஒரு முழு இரவு வேறு யாருடைய வெள்ளத்தையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே கிளம்பும் முன், ஊரில் முப்பது ஆண்டு இருப்பவர் ஒருவரிடம் கேளுங்கள்: ‘நம் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் வடியும், கடந்த முறை எதுவரை நின்றது?’ பதிலைப் பொறுத்துத்தான் எந்தச் செய்தியைப் பார்க்க வேண்டும் என்பது முடிவாகும்.

தாழ்வான தெருவில் மழைநீர் தேங்குவதுதான் சிக்கல் என்றால், உங்களுக்கு வேண்டியது அருகிலுள்ள மழைமானியின் அளவு. ஏரிக்குக் கீழே வீடு என்றால் ஏரி நிரம்பியதா, கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிகிறதா, கரை உடைந்ததா என்ற உள்ளூர்ச் செய்தி. ஆற்றோரம் என்றால் அணையில் திறக்கும் நீர். பள்ளிக்கரணை சுற்றுவட்டாரம் என்றால் கடலையும் பார்க்க வேண்டும்: சதுப்புநிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலில் சேர வேண்டும், கடல் கொந்தளிக்கும்போது அது மெதுவாகத்தான் வடியும். மழை விட்டது என்று தொலைக்காட்சி சொன்ன பிறகும் அங்கே தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசற்படிக்கும் சாலைக்கும் எத்தனை அடி வித்தியாசம், இன்வெர்ட்டர் தரையில் இருக்கிறதா, மோட்டார் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து அதே தாளில் எழுதுங்கள். பிறகு ‘முழங்கால் அளவு’ என்று யாராவது சொல்லும்போது அது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று உங்களால் கணக்கிட முடியும்.

3. கைபேசியில் இந்திய நேரத்தைத் தனியாக வையுங்கள்

கைபேசி தானாக அந்த நாட்டு நேரத்துக்கு மாறிவிடும். முகப்பிலேயே இரண்டாவது கடிகாரமாக இந்திய நேரத்தை வைத்துவிடுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். குளிர்காலத்தில் ஜெர்மனி நான்கரை மணி நேரம் பின்னால், நியூயார்க் பத்தரை மணி நேரம் பின்னால். செயலியில் ‘நேற்று’ என்று காட்டும் பதிவு ஊரில் இன்று காலையில் போட்டதாக இருக்கலாம்.

மழை அளவில்தான் பெரிய குழப்பம் வரும். இந்திய வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. ‘டிசம்பர் 18-ஆம் தேதி காயல்பட்டினத்தில் 95 செ.மீ.’ என்றால், அது 17 காலை 8.30-க்குத் தொடங்கி 18 காலை 8.30 வரை பெய்தது. பெரும்பகுதி 17-ஆம் தேதி மழை. இது புரியாமல், ஒரே மழையை இரண்டு நாள் மழையாகக் கூட்டிப் பயந்தவர்கள் உண்டு.

புயல் அறிக்கைகளில் சில நேரம் யு.டி.சி. என்று உலகப் பொது நேரம் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 0300 யு.டி.சி. என்றால் நமக்குக் காலை 8.30. அளவு அலகையும் பாருங்கள்: வானிலைத் துறை மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ தரும், நம் நாளிதழ்கள் சென்டிமீட்டரில், அமெரிக்க ஊடகங்கள் அங்குலத்தில். 100 மி.மீ. என்பது 10 செ.மீ., கிட்டத்தட்ட நான்கு அங்குலம்.

4. முதலில் வானிலைத் துறையின் அறிக்கை, பிறகுதான் மற்றவை

சேனல்கள் சொல்வது இந்த அறிக்கையிலிருந்து எடுத்ததுதான்; எடுக்கும்போது எந்தச் சொல்லை விட்டார்கள் என்பது மூலத்தைப் படித்தால்தான் தெரியும். புயல் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய அறிக்கை வரும். எனவே இடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைப் புதுப்பிப்பதில் பயன் இல்லை.

படிக்கத் தெரிய வேண்டிய சொற்கள் சில. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதன் பிறகு புயல். மணிக்கு 62 கி.மீ. காற்று வந்தால்தான் பெயர் வைப்பார்கள், 89 கி.மீ. முதல் தீவிரப் புயல், 118 முதல் மிகத் தீவிரப் புயல். அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையம் சொல்லும் காற்று வேகம் நம்முடையதைவிடக் கூடுதலாக இருந்தால் யாரும் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் ஒரு நிமிடச் சராசரியையும் நாம் மூன்று நிமிடச் சராசரியையும் எடுக்கிறோம். குறைந்த நேரச் சராசரி எப்போதும் சற்று அதிகமாகத்தான் இருக்கும்.

இவை எல்லாம் காற்றைப் பற்றிய பெயர்கள். மழைக்குத் தனி அளவு: 64.5 மி.மீ.-க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.5-ஐத் தாண்டினால் அதி கனமழை. வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இந்த இரண்டாவது வரிசையைத்தான் பார்க்க வேண்டும். வலுவிழந்த புயல் கொட்டித் தீர்ப்பதும், வேகமான புயல் காற்றோடு ஓடிவிடுவதும் நம் கடற்கரையில் புதிதல்ல.

வண்ண எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் கொடுக்கப்படுவது. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் சிவப்பு என்பதால் தாம்பரத்தில் வெள்ளம் என்று ஆகிவிடாது. துறைமுகக் கூண்டு எண்ணும் அப்படித்தான். ஒன்று முதல் பதினொன்று வரை உள்ள அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் ஏற்றப்படுபவை. ‘ஐந்தாம் எண் கூண்டு’ என்று தலைப்பைப் பார்த்ததும் வீட்டுக்கு அழைத்துப் பரணில் ஏறச் சொல்ல வேண்டாம்.

‘கரையைக் கடக்கும் இடம்’ என்ற சொல்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடக்கும் என்று படித்தேன். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ‘அப்பாடா’ என்று ஒரு கோயிலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 5 பிற்பகல்; சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய நாளே. வடக்கே போகும் வழியில் கடலிலேயே மெல்ல நகர்ந்தபடி அது சென்னைக்கு மழையை இறக்கிவிட்டுப் போனது. எனவே வரைபடத்தில் பாதை முடியும் முனையைப் பார்க்காமல், பாதை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வரும்போது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். ‘கடந்த ஆறு மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது’ என்ற வரி ஒவ்வொரு அறிக்கையின் தொடக்கத்திலும் இருக்கும்.

தேடும்போது பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். மிக்ஜாம், மிக்ஜம், மிச்சாங், மிக்சாங் என்று அன்று எல்லாமே அச்சில் வந்தன. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல், பெஞ்சல், ஃபெங்கல். இரண்டு மூன்று விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். இன்னும் நல்லது, புயலின் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைத் தேடுவது.

5. உலக ஊடகம், தமிழ் ஊடகம், தெரு

விடுதித் தொலைக்காட்சியில் வரும் உலகச் செய்தி உங்களுக்கு ஒரு வேலையைத்தான் செய்யும்: இது பெரிய விஷயம் என்று அலுவலகத்துக்கோ விமான நிறுவனத்துக்கோ நிரூபிக்க உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர் இல்லாத பேரிடர் அங்கே கண்ணில் படுவதே கடினம். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயர் கிடையாது. குமரிக் கடல் பகுதியில் இருந்த ஒரு வளிமண்டலச் சுழற்சிதான் காரணம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்ற பிறகுதான் வெளிமாநிலத்தவரே திரும்பிப் பார்த்தார்கள். புயல் எச்சரிக்கை அறிவிப்பை மட்டும் கைபேசியில் வைத்திருப்பவருக்கு அன்று ஒன்றுமே வந்திருக்காது. ஆகவே அறிவிப்பை ‘புயல்’ என்ற சொல்லுக்கு வைக்காமல் மாவட்டத்தின் பெயருக்கு வையுங்கள்.

தமிழ்ச் சேனல்களின் யூடியூப் நேரலையில் பேசுவதைக் கேட்பதைவிடக் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பது மேல். பள்ளி விடுமுறை, மூடிய சுரங்கப்பாதை, ரயில் ரத்து, திறக்கப்பட்ட நீரின் அளவு எல்லாம் அங்கேதான் வரும். ஒலியை அணைத்துவிடுங்கள். இடுப்பளவு நீரில் நின்று கத்தும் செய்தியாளர் நிற்கும் இடம் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே ஆழமான இடம். வானொலி விரும்பிகளுக்கு ஆகாசவாணியின் செயலி இருக்கிறது. இணைய வேகம் குறைந்த இடத்திலும் ஓடும்.

‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் போன்ற தனியார் வானிலை ஆர்வலர்கள் ரேடார் படத்தைப் பார்த்து ‘அடுத்த இரண்டு மணி நேரம் இந்தப் பக்கம்’ என்று எழுதுவது தெருவுக்கு நெருக்கமாகப் பயன்படும். அதே சமயம் வெளியேற வேண்டுமா என்ற முடிவுக்கு வானிலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதையே எடுங்கள். முகாம் திறப்பதும் படகு அனுப்புவதும் அதன்படிதான் நடக்கும்.

6. வீடியோ வந்தால்: நாற்பது நொடி

குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு வீடியோவையும் ஆராய நேரம் கிடையாது. நான் பார்ப்பது நான்கே விஷயங்கள். கடைப் பலகையில் எந்த ஊர், எந்த மொழி. வண்டி எண் தொடங்குவது எந்த மாநில எழுத்தில். பேச்சில் கேட்கும் வட்டார வழக்கு. அந்தத் தெருவில் இப்போது இருக்க வேண்டிய மெட்ரோ தூணோ மேம்பாலமோ இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது 2015 வீடியோக்களை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஐயம் இருந்தால் ஒரு காட்சியைப் படமாகப் பிடித்து, படம் வழியாகத் தேடினால் பழைய தேதி வந்து நிற்கும்.

நம்ப முடியவில்லை என்பதாலேயே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது. மிக்ஜாம் அன்று பெருங்களத்தூர் அருகே நெடுங்குன்றம் சாலையில் முதலை கடந்து போகும் வீடியோ வந்தது. ‘எந்த ஊர்க் கதை இது’ என்று குழுவில் ஒருவரைத் திட்டி எழுதினேன். முதலை உண்மை. மன்னிப்புக் கேட்டேன்.

சரிபார்க்காததை வீட்டாருக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் கைபேசியில் மிச்சம் இருப்பது பதினைந்து விழுக்காடு மின்சாரம். அதில் உங்கள் வீடியோ இறங்கத் தொடங்கும்.

7. வீட்டாரோடு பேசும் முறை

மின்சாரம் போன முதல் மணி நேரத்திலேயே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

வெளியூர்களில் இருக்கும் பிள்ளைகள், மருமக்கள், அத்தை மாமா எல்லாரும் தனித்தனியாக அழைத்தால் அப்பாவின் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இப்போது ஒருவர் மட்டும் அழைப்பது என்று வைத்திருக்கிறோம், கோயம்புத்தூர்ச் சித்தப்பா. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு ஒன்பது என இந்திய நேரப்படி நான்கு முறை. இடைப்பட்ட நேரத்தில் அப்பா கைபேசியை ‘ஏரோப்ளேன் மோட்’ எனும் விமான நிலையில் வைத்துவிடுவார். அந்த நேரத்தில் பதில் வராதது இயல்பு என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருப்பதால் யாரும் பதறுவதில்லை.

அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடும். வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டும். குறுஞ்செய்திக்குச் சில நொடி சிக்னல் கிடைத்தால் போதும். கேள்வியை ஒரே சொல்லில் பதில் வரும்படி அனுப்புங்கள்:

‘தண்ணீர் எந்தப் படி? மின்சாரம் உண்டா? மாத்திரை எத்தனை நாளுக்கு?’

‘எப்படி இருக்கிறீர்கள், கவலையாக இருக்கிறது’ என்று அனுப்பினால் ‘நன்றாக இருக்கிறோம்’ என்றுதான் பதில் வரும். கழுத்தளவு தண்ணீரிலும் நம் பெற்றோர் அதைத்தான் சொல்வார்கள். எதிர்வீட்டு அக்கா எனக்கு அனுப்பியது: ‘மூணாவது படி. வீட்டுக்குள்ள இல்ல. மாமாவும் அத்தையும் எங்க மாடியில.’ இரண்டு இரவுக்குப் பிறகு நான் தூங்கியது அதைப் படித்துவிட்டுத்தான்.

வாட்ஸ்அப் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒற்றைக் குறி என்றால் செய்தி உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது, அவர் கைபேசியை எட்டவில்லை. இரட்டைக் குறி என்றால் கைபேசியில் உயிரும் இணையமும் இருக்கின்றன. அதுவே ஒரு செய்தி. (அவர் கணினியிலும் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும்.) அழைத்தால் ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருவதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். கோபுரத்தின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தாலும் அதே குரல்தான் வரும். அந்தத் தெருவில் நான்கு எண்களை முயலுங்கள். நான்கும் கிடைக்கவில்லை என்றால் அநேகமாகக் கோபுரம் போயிருக்கும். மூன்று கிடைத்து வீட்டு எண் மட்டும் கிடைக்கவில்லை என்றால், அப்போது ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்பு தேவைப்பட்டால் கதவு எண், தெரு, அடையாளம், எத்தனை பேர், முதியவர் அல்லது நோயாளி உண்டா, எந்தத் தளம், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதை ஒரே செய்தியாக எழுதி, கட்டுப்பாட்டு அறைக்கு ஊரில் இருக்கும் உங்கள் ஆள் மூலம் கொடுங்கள். சமூக ஊடகத்தில் போட்டிருந்தால், அவர்கள் மீட்கப்பட்டதும் அதே பதிவை நீக்குங்கள். மீட்கப்பட்டவரைத் தேடிப் படகு திரும்பவும் வரும். அந்த நேரம் வேறு யாருக்கோ உரியது.

8. புயல் போன பிறகு ஆறு வரும்

செய்தி வேகம் குறைந்ததும் பலர் கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆற்றோரத்துக்காரர்கள் அப்போதுதான் எடுக்க வேண்டும்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. என் நண்பர் அதோடு முடிந்தது என்று நினைத்தார். வலுவிழந்த அந்த மண்டலம் மேற்கே போய், மறுநாள் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்தப் பக்கத்து வெள்ளம் சாத்தனூர் அணைக்கு வர, டிசம்பர் 2 அதிகாலையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கியது அதன் பிறகு. அங்கே அப்போது வானம் வெளுத்திருந்தது.

ஆகவே ஆற்றின் மேல்மடையில் இருக்கும் மாவட்டங்களின் மழையையும் பாருங்கள். அணைச் செய்தியில் மூன்று எண்களைக் குறியுங்கள்: இருப்பு, வரத்து, வெளியேற்றம். வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாக, இருப்பும் முழு அளவை நெருங்கினால், சில மணி நேரத்தில் திறப்பு கூடும் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒரு கன அடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். கொள்ளளவு மில்லியன் கன அடியிலோ டி.எம்.சி.யிலோ இருக்கும், ஆயிரம் மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி. நொடிக்கு இவ்வளவு என்பதையும் மொத்தம் இவ்வளவு என்பதையும் சேனல்களே சில நேரம் குழப்பிப் போடும்.

9. எண்ணிக்கைகளை எப்படி வாசிப்பது

முதல் நாள் உயிரிழப்பு எண் எந்த ஊடகத்திலும் ஒன்றாக இருக்காது. ஒருவர் நகரத்தைச் சொல்வார், ஒருவர் மாநிலத்தை, உலக ஊடகம் தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் சேர்த்துச் சொல்லும். மின்சாரம் தாக்கியவர், சுவர் இடிந்தவர் எந்தக் கணக்கில் என்பது வருவாய்த் துறை உறுதி செய்த பிறகே தெளிவாகும். எண் மாறுவதை வைத்து மறைக்கிறார்கள் என்று ஓடவும் வேண்டாம், முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இந்த எண்ணால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

10. உடனே திரும்பலாமா?

முதல் நாள் இந்த முடிவை எடுக்காதீர்கள். சென்னை விமான நிலையம் 2023 டிசம்பர் 4 அன்று மூடப்பட்டு, 5-ஆம் தேதி காலை 9 மணிக்குத் திறந்தது. 2015-இல் பல நாள் மூடியே இருந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. அவசரமாக டிக்கெட் எடுத்தவர்கள் பெங்களூரில் இறக்கப்பட்டு, ஊருக்குப் பஸ் இல்லாமல் அங்கேயே தங்கினார்கள்.

ஓடுபாதை திறந்துவிட்டதா என்பதோடு, விமான நிலையத்திலிருந்து உங்கள் தெருவரை சாலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் ஆம் என்றால், அங்கே போய் நீங்கள் செய்யக்கூடிய வேலை என்ன என்று கேளுங்கள். தண்ணீர் நிற்கும் நாளில் போனால் அந்த வீட்டில் சோறு போட வேண்டிய ஆள் ஒன்று கூடும். தண்ணீர் வடிந்து சேறு வழிக்கும் நாளில்தான் கை தேவை. நான் நான்கு நாள் கழித்துப் போனேன், சரியாக இருந்தது.

11. இரவுக்கு ஒரு வழிமுறை

உங்கள் இரவு ஊரின் பகலாக இருக்கும் நாடுகளில் இது தேவை. உடன் வந்தவர் இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாறுங்கள். புது அறிக்கை வரும் இடைவெளியும் அதுதான். தனியாக என்றால், கோயம்புத்தூர்ச் சித்தப்பா போன்றவரின் எண்ணுக்கு மட்டும் ஒலி வைத்து, மற்ற எல்லா அறிவிப்பையும் அணைத்துவிட்டுப் படுங்கள். அவருக்குச் சொல்லி வையுங்கள்: படி ஏறினால் அழையுங்கள், இறங்கினால் காலையில் சொல்லுங்கள்.

12. நிறுத்துவது எப்போது

மூன்று செய்தி வரும்வரை பின்தொடருங்கள்: தெருவில் நீர் வடிந்தது, குடிநீர் வருகிறது, மின்சாரம் வந்தது. இதில் மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை. தெருவுக்கு மின்சாரம் வந்ததும் வீட்டில் மெயின் சுவிட்சைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீரில் நனைந்த மோட்டார், தரையோரப் பிளக், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் மின்பணியாளர் பார்த்த பிறகுதான் போட வேண்டும். கீழ்நிலைத் தொட்டியில் வெள்ளநீர் கலந்திருந்தால் இறைத்துக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்த நீர் பாத்திரம் கழுவக்கூட ஆகாது.

காப்பீடு இருந்தால் சேற்றைக் கழுவும் முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி, பக்கத்தில் ஒரு அளவு நாடாவை வைத்து. வண்டி மூழ்கியிருந்தால் சாவியைப் போட்டுக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. இழுவை வண்டியில்தான் போக வேண்டும். அப்பாவிடம் இதை நான் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொல்வதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிப் பார்த்துவிட்டார்.